உலைத் தூசிக்குக் கணக்கு வேண்டும்

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கு,

மனுக்களில் கேட்டுத் தீராததைப் பொதுவில் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய இரும்பை உருக்கும் மின் உலைகளின் தூசி பற்றியது இது. எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். துத்தநாகப் பூச்சுத் தகடுகள் உலையில் விழுந்ததும் துத்தநாகமும் ஈயமும் காட்மியமும் புகையோடு கிளம்பி, வடிகட்டிப் பைகளில் மாவாகப் படிகின்றன. மின்வில் உலையில் ஒரு டன் எஃகுக்கு 10 முதல் 20 கிலோ வரை இந்தத் தூசி சேரும். கரியோடு கலந்து சுழல் சூளையில் சுட்டால் இதிலிருந்து துத்தநாகத்தை மீட்கலாம். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பல பத்தாண்டுகளாக நடக்கும் தொழில் அது. ஆகவே மறுசுழற்சியை நான் எதிர்க்கவில்லை. காகிதத்தில் மட்டும் முடிந்துபோகும் மறுசுழற்சியைத்தான் எதிர்க்கிறேன்.

விதிகளை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவை காகிதத்தோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடி ஒன்று போதும். ஸ்டெர்லைட் ஆலையின் தாமிரக் கசடு, உப்பாற்றை ஒட்டிய பட்டா நிலம் உட்பட 11 இடங்களில் கொட்டப்பட்டு அகற்றப்படாமலே கிடந்தது. ஆலை வாசலைத் தாண்டும்போது அது கழிவாகப் போகவில்லை. பள்ளம் நிரப்ப உதவும் பொருளாகப் போனது. 2018 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது உங்கள் வாரியமே அந்தக் கசட்டைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது. மறு மாதம் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீதான துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் ஆலை மூடலை உறுதி செய்தபோது, அகற்றப்படாத அதே கசட்டைக் குற்றமாக எடுத்துச் சொன்னது. அந்தக் குவியல் ஓர் இரவில் முளைத்ததல்ல. லாரி லாரியாகப் பகலிலும் போயிருக்கும். ஒரு லாரியின் பின்னால் ஓர் அதிகாரி அன்றே போயிருந்தால் ஆற்றங்கரை தப்பியிருக்கும்.

அது தாமிரம், இது இரும்பு என்று நீங்கள் சொல்லலாம். அந்த வேறுபாடு என் அச்சத்தைக் கூட்டத்தான் செய்கிறது. தாமிரக் கசடு கெட்டியானது, மலையாகக் குவிந்து கண்ணுக்குத் தெரிந்தது. அதையே தடுக்க முடியவில்லை. உலைத் தூசி காற்றில் பறக்கும், அதன் ஈயமும் காட்மியமும் மழையில் கசிந்து இறங்கும், சில மூட்டைகளாக எந்த ஓடையோரமும் மறைந்துவிடும். சிறிய உலைகளால் சூளை கட்ட முடியாது என்பது அடுத்த வாதம். உண்மை, முடியாது. தூசியைப் பொதுவில் திரட்டி, மீட்கும் ஆலைக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்ததை உறுதி செய்ய ஒரு வாரியம் வேண்டியிருப்பது அதனால்தான். தூசி கர்நாடகத்துக்குள் போய்விட்டால் அங்குள்ள வாரியத்தின் பாடு என்று நம் பக்கம் கோப்பை மூடுவதையும் ஏற்க முடியாது. நஞ்சுக்கு எல்லையிலுள்ள அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடி தெரியாது.

அஞ்செட்டியிலிருந்து இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. உலைகள் உள்ள ஓசூரின் தொழிற்பேட்டைகளுக்கு இப்பால், தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் காடு. 2022இல் அரசே காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்த காடு அது. அஞ்செட்டி வழியே ஓடும் தொட்டல்லா ஆறு காவிரியில் கலக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, கிணற்றை நம்ப முடியாமல்போன கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களுக்கு 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொடுப்பதும் காவிரித் தண்ணீரைத்தான். ஒருமுறை தண்ணீரை இழந்தவர்களிடம் இன்னொரு முறை பொறுத்துக்கொள்ளச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்த மக்களுடைய பிள்ளைகளின் பற்களில் ஃபுளோரைடால் படிந்த பழுப்புக் கறையைப் பார்த்தும் உங்களால் அப்படிச் சொல்ல முடியுமா?

பதில் கடிதம் வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார உலை ஒவ்வொன்றும் மாதந்தோறும் பிடித்த தூசி எவ்வளவு, யாருக்கு அனுப்பியது, அங்கே எடைமேடையில் இறங்கியது எவ்வளவு என்ற கணக்கை வட்டாட்சியர் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அனுப்பிய எடைக்கும் இறங்கிய எடைக்கும் ஒரு டன் வித்தியாசம் வந்தாலும், அந்த லாரி எங்கே நின்றது என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அஞ்செட்டிவாசி ஒருவர்