காய்ச்சுகிறவர்களின் மாநாடு

தமிழில் ‘காய்ச்சுவது’ என்ற சொல்லுக்கு முன்னால் பால் வந்தால் பிரச்சினை இல்லை. கஞ்சி வந்தாலும் பரவாயில்லை. வேறு எதைச் சேர்த்தாலும் கேட்பவர் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். “ஜூன் விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள்?” என்று வானொலியில் என்னோடு வேலை செய்யும் தோழி கேட்டார். “வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் மாநாட்டுக்கு” என்றேன். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னார்.

மாநாடு உண்மைதான். ‘ஹோம்புரூ கான்’ என்று பெயர். அமெரிக்காவில் பொழுதுபோக்காக வீட்டில் பியர் தயாரிப்பவர்களின் சங்கம் நடத்துவது. 2023ஆம் ஆண்டு மாநாடு ஜூன் 22 முதல் 24 வரை, கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில். போக ஆசைப்படுபவர் என் கணவர். திட்டமிடுபவள் நான். எங்கள் வீட்டில் எல்லாப் பயணங்களும் இப்படித்தான்: ஆசை அவருடையது, எக்செல் தாள் என்னுடையது.

நான் ஒரு கிளாஸில் பாதி குடித்தால் அதிகம். அவரும் பெரிய குடிகாரர் அல்லர். ஆனால் செங்காங்கில் உள்ள எங்கள் நான்கறை வீவக வீட்டின் சாமான் அறையில் ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. அதற்குள் மூடிய வாளி ஒன்று, மூடியில் ஒரு சிறு குழாய். ‘பளக், பளக்’ என்று குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஒருநாள் “மீன் வளர்க்கிறீர்களா?” என்று கேட்டார்.

சட்டத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பியர் தயாரிக்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் உச்சவரம்பு. விற்கக்கூடாது. கொதிக்கவைத்து ஆவியைக் குளிரச் செய்து வடிக்கும் சாராயத்துக்கு அனுமதியே கிடையாது. புளிக்கவைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இந்த உரிமைக்கே ஒரு கதை இருக்கிறது. அங்கே மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது வீட்டில் திராட்சை மது தயாரிக்க வழி கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. 45 ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபரில், அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் கூட்டரசுச் சட்டம் மாறியது. அதே ஆண்டு டிசம்பரில், கொலராடோவின் போல்டர் நகரில், பள்ளி ஆசிரியராக இருந்த சார்லி பப்பாசியன் தம் நண்பரோடு சேர்ந்து இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். சில மாநிலங்கள் அதற்குப் பிறகும் பிடிவாதமாக இருந்தன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இறங்கி வந்தன.

அங்கும் வீட்டு பியரை விற்கக்கூடாது. அதனால் மாநாட்டில் ஒரு விசித்திரம். பல ஊர்களிலிருந்து வரும் குழுக்கள், தங்கள் வீட்டில் தயாரித்ததைக் கொண்டுவந்து, வேடமெல்லாம் போட்டு, சாவடி அமைத்து, வருபவர்களுக்குச் சும்மா ஊற்றிக் கொடுக்கும் ஓர் இரவு உண்டு. பதிவுக் கட்டணம் மட்டும்தான் நம் செலவு. பகல் முழுதும் வகுப்புகள். நாடளாவிய போட்டியின் இறுதிச் சுற்றும் இருக்கிறது.

என் கணவருக்கு அந்த வகுப்புகள்தான் குறி. போன ஆண்டு இங்கே நண்பர்களுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். பியர் நடுவர்கள் 50 புள்ளிக்கு மதிப்பெண் போடுவார்கள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்தத்துக்கு 10. இவருக்குக் கிடைத்தது 27. ‘வாழைப்பழ வாசம், கொஞ்சம் சாயம் கரைக்கும் திரவ வாசமும்’ என்று நடுவர் எழுதியிருந்தார். புளிக்கும்போது சூடு கூடிப்போனதன் அடையாளம் அது. பியருக்கான ஈஸ்ட் வகைகளில் பெரும்பாலானவை 20 டிகிரியை ஒட்டிய குளுமையை விரும்பும். நம் வீடுகளில் 30 டிகிரி. பழைய குளிர்பதனப் பெட்டி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? நார்வே நாட்டுப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ‘குவைக்’ என்ற ஈஸ்ட், 35 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்கிறதாம். பனி கொட்டும் ஊரின் ஈஸ்ட் செங்காங் வெக்கைக்கு ஏற்றதாக இருப்பது எனக்கே வியப்புதான். இதை எல்லாம் கரைத்துக் குடித்தவர்களை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. போதாததற்கு, ஈஸ்ட் வளர்த்து விற்பதில் பேர்பெற்ற ‘வைட் லேப்ஸ்’ நிறுவனம் இருப்பதும் சான் டியேகோவில்தான். சிலர் திருப்பதிக்குப் போவதுபோல் இவர் அங்கே போகப் பார்க்கிறார்.

சரி, எக்செல் தாளுக்கு வருவோம்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு நேரடி விமானம், ஏறக்குறைய 15 மணி நேரம். அங்கிருந்து கடலோரமாகப் போகும் ‘பசிபிக் சர்ஃப்லைனர்’ ரயிலில் மூன்று மணி நேரம். படங்களில் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழேயே அலை அடிக்கிறது. ஆனால் சான் கிளமெண்டே பக்கம் மண் சரிந்து அடிக்கடி தடத்தை மூடிவிடுகிறார்கள், அதனால் பேருந்துக்கும் ஒரு வரிசை ஒதுக்கியிருக்கிறேன். என் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு இணையத்தில் பயண அனுமதி வாங்கினால் போதும், 2023இல் அதன் கட்டணம் 21 அமெரிக்க வெள்ளியாக இருந்தது. என் கணவர் மலேசியர், இங்கே நிரந்தரவாசி. அவருக்கு விசா வேண்டும், அப்போது கட்டணம் 160 வெள்ளியாக இருந்தது, நேர்காணலும் உண்டு. “பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது?” என்று ஒரு வாரமாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கிறார். உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். பியர் செய்வதற்காக அமெரிக்கா போகிறேன் என்று ஒருவர் பொய் சொல்ல மாட்டார் என்பது அதிகாரிக்கும் தெரியும்.

சொந்தத் தயாரிப்பைக் கொண்டுபோய் யாரிடமாவது கருத்துக் கேட்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு திட்டம். அமெரிக்காவுக்குள் தீர்வையின்றி ஒருவர் ஒரு லிட்டர் கொண்டுபோகலாம். 330 மில்லிலிட்டர் போத்தல் மூன்று என்றால் 990. சரியாக இருக்கிறது. பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும், கைப்பையில் விட மாட்டார்கள். திரும்பும்போது சிங்கப்பூருக்குள் பியர் மட்டும் என்றால் ஆளுக்கு இரண்டு லிட்டர், அதாவது அதே அளவில் ஆறு போத்தல். என் பங்கு ஆறையும் அவர் இப்போதே பட்டியலில் சேர்த்துவிட்டார்.

இடறிய இடம் நாள்காட்டி. மாநாட்டில் 21 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. பிள்ளைகள் ஒன்பதும் ஆறும். பள்ளி விடுமுறை ஜூன் 25 ஞாயிறோடு முடிகிறது. நாங்கள் அன்று இரவு அங்கே விமானம் ஏறினால் இங்கே இறங்குவது செவ்வாய்க் காலை. ஆகவே பத்து நாள்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, திங்கட்கிழமை மூன்றாம் தவணையின் முதல் நாளன்று சீருடை போட்டு அனுப்பவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மாதான். ஜூரோங்கில் அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

அம்மா பிறந்தது கெடாவில், சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தாத்தாவைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. சம்பள நாளைப் பற்றித்தான் சொல்வார். பாட்டி ஒரு கையில் தூக்குச்சட்டியும் இன்னொரு கையில் அம்மாவையும் பிடித்துக்கொண்டு கள்ளுக்கடை வேலியோரம் நிற்பாராம். உள்ளே போவதற்கு முன்பே காசை வாங்கிவிட வேண்டும். வாங்கிவிட்டால் அந்த வாரம் மீன், இல்லாவிட்டால் மரவள்ளி.

இது எங்கள் குடும்பக் கதை மட்டும் இல்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. 1947இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்து போலீசோடு மோதியது. அம்மா அதற்குப் பிறகு பிறந்தவர். ஆனால் தொண்டர் படை என்ற பெயரை நான் முதலில் கேட்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பாட்டி வாயில்தான்.

ஊடகத் துறையில் பட்டம் படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கேட்பவர் யார் என்று தெரிந்துகொண்டு வாயைத் திற என்பது. ‘கணவருக்கு ஒரு மாநாடு’ என்று சொல்லியிருந்தால் அம்மா உலகத் தமிழ் மாநாட்டை நினைத்துக்கொண்டு வாழ்த்தி அனுப்பியிருப்பார். தோழிகள் சிலர் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. என் பிள்ளைகளைப் பத்து நாள் சுமக்கப்போகிறவருக்கு நாங்கள் எங்கே போகிறோம் என்று தெரிய வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, இருவருமாகச் சொன்னோம். அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே முழுதும் கேட்டார்.

என் கணவர் ஒரு வாதம் தயார் செய்து வைத்திருந்தார். “அத்தை, இது சம்சு மாதிரி வடிக்கிறது இல்லை. இட்லி மாவு மாதிரி, சும்மா புளிக்கவைக்கிறது. போதை நூற்றுக்கு அஞ்சுதான்.” சர்க்கரை அளவு பார்க்கும் கண்ணாடிக் குழலைக்கூடக் கொண்டுவந்து காட்டினார். தொடங்கும்போது 1.048, முடியும்போது 1.010, அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று விளக்கினார்.

“கள்ளை மட்டும் யாராச்சும் வடிச்சாங்களா மாப்பிள்ளை?” என்றார் அம்மா. “அதுவும் மரத்துல இருந்து இறக்குனதுதான். தானா புளிச்சதுதான்.”

அவர் சொன்னது சரி. கள்ளிலும் பியரிலும் போதை ஏறக்குறைய ஒரே அளவுதான். வீட்டில் பியர் தயாரிப்பவர்கள் கூடும் இடங்களில் ‘நாங்கள் காய்ச்சுவது கலை, அது வேறு’ என்று பேசுவார்கள். என் கணவரும் பேசுவார். பாத்திரத்தில் இருப்பதைப் பார்த்தால் அது வேறு இல்லை. வேறாக இருப்பது சம்பளமும் வீடும் படிப்பும்தான். தோட்டத்தில் என் தாத்தாவுக்கு மாலையில் போக வேறு இடம் இருக்கவில்லை. என் கணவருக்கு ஒரு குளிர்பதனப் பெட்டியும் சான் டியேகோவும் இருக்கின்றன.

பிறகு அம்மா அவருடைய குறிப்பேட்டைக் கேட்டார். ஒவ்வொரு முறை தயாரித்ததும் அதில் இருக்கிறது: தேதி, மால்ட் எத்தனை கிலோ, ஹாப்ஸ் எத்தனை கிராம், எத்தனை டிகிரி, யார் யாருக்கு எத்தனை போத்தல் கொடுத்தது. போன ஆண்டு ஒன்பது முறை, முறைக்கு 15 லிட்டர். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

“135 லிட்டர். கொடுத்தது எல்லாம் எழுதியிருக்கீங்க. உங்க பேரு எங்க இருக்கு?”

அவர் பேர் எங்கும் இல்லை. மற்றவர்களுக்குக் கொடுத்ததைக் கூட்டிக் கழித்தால் மீதி வீட்டில்தான் தீர்ந்திருக்க வேண்டும். அந்த மீதி எவ்வளவு என்று அங்கேயே கணக்குப் போடச் சொன்னார் அம்மா. போட்டோம். பயப்படும்படியான எண் இல்லை, வாரத்துக்கு மூன்று போத்தலுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் “வாரத்துக்கு ஒண்ணு இருக்கும் அத்தை” என்று ஐந்து நிமிடத்துக்கு முன்பு அவர் சொல்லியிருந்தார். பொய் சொல்லவில்லை, அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் உறைத்தது. வீட்டில் தயாரிப்பவருக்குக் கடையில் காசு கொடுக்கும் அந்த ஒரு கணம்கூட இல்லை. தடுப்பதற்கு வேலியும் இல்லை, வேலியோரம் நிற்க ஆளும் இல்லை.

இப்போது குறிப்பேட்டில் ஒரு புதுப் பத்தி இருக்கிறது, அவர் பெயரில். தாமே கோடு போட்டார். மாநாட்டில் ஊற்றிக் கொடுக்கும் இரவுக்கும் அவர் ஓர் எண் வைத்திருக்கிறார். சின்னக் கிளாஸ்தான் கொடுப்பார்கள், பன்னிரண்டோடு நிறுத்துவாராம். எண்ணப்போவது நான்.

அம்மா வருகிறார். ஜூன் 16 முதல், எங்கள் வீட்டில். பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது என்று பட்டியல்கூடக் கேட்டுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: அந்த வாளி கூவுகிற வீட்டில் அவர் படுக்க மாட்டார். பூட்டி வைக்கிறோம் என்றோம், காலியாக வைக்கிறோம் என்றோம். “என் பேரப்பிள்ளைங்க பாக்குற இடத்துல வேணாம்” என்று முடித்துவிட்டார்.

பொங்கோலில் இருக்கும் நண்பர் ஒருவர் குளிர்பதனப் பெட்டியை வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். ஜூன் 14 மாலை லாரி வருகிறது. போக 60 வெள்ளி. திரும்பக் கொண்டுவரவும் 60 என்று நான் அடுத்த வரிசையில் எழுதப்போனபோது, “அதை இப்போ எழுதாதே, பார்ப்போம்” என்றார் என் கணவர். அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.