சிரிப்பும் ஒரு பாடமே: திரைப்பட நகைச்சுவைக் காட்சியை வகுப்பில் என்ன செய்வது?



நம் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தாமாகவே பேசி மகிழும் தமிழ் எது? அது பாடநூல் தமிழ் அன்று. வீட்டில் பேசும் தமிழ் என்றும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களுள் ஏறத்தாழப் பத்தில் அறுவர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. ஆயினும் அதே வீட்டுப் பிள்ளைகள் கவுண்டமணியைப் போலவும் வடிவேலுவைப் போலவும் ஏற்ற இறக்கம் பிசகாமல் பேசிக் காட்டுகின்றனர். சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றில் தொலைக்காட்சியில் நகைச்சுவைக் காட்சி ஓடினால், தோசையை மறந்து அண்ணாந்து பார்க்கின்றனர்.

இவ்வளவு வலிமை வாய்ந்த ஒன்றை நாம் வகுப்பறையில் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? தேர்வு முடிந்தபின் பொழுதைப் போக்க ஒரு மிட்டாயாகக் கொடுக்கிறோம். அல்லது, "சினிமாத் தமிழ் கெட்ட தமிழ்" என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டும் பொருந்தா என்பது என் கருத்து. ஒரு செய்யுளைப் பிரித்துப் பொருள் காண்பது போல, ஒரு நகைச்சுவைக் காட்சியையும் பிரித்துக் காட்ட வேண்டும். சிரிப்பு எங்கே பிறக்கிறது, யார் அதைப் பிறப்பிக்கிறார்கள், எந்தக் கருவியால் பிறப்பிக்கிறார்கள் என்று நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். இதற்கான காரணம் மொழியோடு முடிந்துவிடுவதில்லை. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தொல்காப்பியம் காட்டும் வழி

சிரிப்பை ஆராய்வது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலாவதாக வைக்கிறது. அந்நகை நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றும் வகுக்கிறது. பிறரை எள்ளுவதால் தோன்றும் நகை ஒன்று. இளமையின் விளையாட்டுத்தன்மையால் தோன்றுவது மற்றொன்று. அறியாமையாகிய பேதைமையால் தோன்றுவது மூன்றாவது. கொண்டதை விடாது பற்றி நிற்கும் மடமையால் தோன்றுவது நான்காவது. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு திரைப்படத்தைப் பார்த்தால், திரைக்கலையின் உத்திகள் யாவும் இந்நான்கையே பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிகள் என்பது புலப்படும்.

கேட்பவர் முகமும் சொல்பவர் குரலும்

முதற்சான்றாக, ஸ்ரீதர் இயக்கி 1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தை எடுத்துக்கொள்வோம். படம் எடுக்கும் ஆசை கொண்ட செல்லப்பாவாக நாகேஷ் வருகிறார். தந்தை விசுவநாதனாக டி. எஸ். பாலையா வருகிறார். மகன் தந்தையிடம் ஒரு திகில் கதை சொல்கிறான். அவ்வளவுதான் காட்சி. பேய் இல்லை, காடு இல்லை, இருட்டும் இல்லை. கதையில் வரும் ஓசைகளையெல்லாம் நாகேஷ் தம் வாயாலேயே எழுப்புகிறார். ஆனால் நாம் விழுந்து விழுந்து சிரிப்பது பெரும்பாலும் பாலையாவைப் பார்த்துத்தான்! கதை வளர வளர, ஊரில் பெரிய மனிதரான அவர் சிறு குழந்தையாக மாறி நடுங்குகிறார்.

இங்கே இயக்குநர் கையாண்ட உத்தி எளியது. சொல்பவரை மட்டும் காட்டாமல், கேட்பவரின் முகத்தையும் நம் கண்முன் நிறுத்துகிறார். மேடைப் பேச்சில் எதிரே இருப்பவரின் கண் இமைப்பது பின்வரிசைக்குத் தெரியாது. படப்பிடிப்புக் கருவி அதனை அருகே கொண்டுவந்து தருகிறது. கதை பொய் என்று நமக்குத் தெரியும். கேட்பவர்க்கு அது மறந்துபோகிறது. அவருடைய பேதைமையே நமக்கு நகையாகிறது. இக்காட்சியைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை அப்படியே காட்டுங்கள். அடுத்து, பாலையாவை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கச் செய்யுங்கள். சிரிப்பு எங்கே குறைந்தது என்று கேட்டால், விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பேச்சில்லாத படம் பேசவைக்கும்

இரண்டாவது சான்று, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் 1987இல் வந்த 'பேசும் படம்'. பெயர்தான் பேசும் படம். படத்தில் உரையாடலே இல்லை! வேலையற்ற இளைஞனாகக் கமல்ஹாசன் நடித்தார். திரையரங்கின் இரைச்சலுக்கு நடுவே வாழ்ந்து பழகிய அவனுக்கு, ஆடம்பர விடுதியின் அமைதியில் உறக்கம் வரவில்லை. எனவே அந்த இரைச்சலை ஒலிநாடாவில் பதிவு செய்து கொண்டுவந்து, அதை ஓடவிட்டு நிம்மதியாக உறங்குகிறான். ஒரு சொல்கூட இல்லாமல், ஒலி ஒன்றினாலேயே அமைந்த நகைச்சுவை இது. சிரித்து முடித்தபின்தான், வறுமை ஒரு மனிதனை எதற்கெல்லாம் பழக்கிவிடுகிறது என்ற எண்ணம் மனத்தைத் தைக்கிறது.

தமிழாசிரியர்க்கு இதனைவிடச் சிறந்த கருவி வேறென்ன வேண்டும்? படத்தில் சொல் இல்லாதபோது சொல்லைத் தரவேண்டியவர் மாணவர். "அவன் ஏன் விழித்திருக்கிறான்? முதலில் என்ன செய்தான்? இப்போது என்ன நினைப்பான்?" என்று கேட்டால், வாக்கியங்கள் தாமே வருகின்றன. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழித் தேர்வில், காணொளி ஒன்றைப் பார்த்து உரையாடும் பகுதி 2017 முதல் இடம்பெற்றதை நாம் அறிவோம். அதற்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் பலர், "ஒரு பையன் வந்தான், ஒரு பாட்டி விழுந்தார்" என்று பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றனர். காரணம் சொற்பற்றாக்குறை மட்டுமன்று. பார்க்கும் பயிற்சி இன்மையும் ஆகும்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

சார்லி சாப்ளினின் 'தி கோல்டு ரஷ்' (1925) படத்தில், பனிப்புயலால் நகர்ந்துவிட்ட மரவீடு மலை விளிம்பில் தொங்குகிறது. உள்ளே இருப்பவர்க்கு அது தெரியாது. வெளியிலிருந்து ஒரு காட்சி, உள்ளிருந்து ஒரு காட்சி என்று மாற்றி மாற்றித் தொகுத்திருப்பதால், நமக்கு மட்டும் எல்லாம் தெரிகிறது. நம் அறிவிற்கும் பாத்திரத்தின் அறியாமைக்கும் உள்ள இடைவெளியே சிரிப்பாகிறது. 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) படத்தின் இறுதியில் மலைவிளிம்பில் வீடு ஆடுவதைக் கண்டவர்களுக்கு இந்த உறவு புரியும்.

கங்கை அமரனின் 'கரகாட்டக்காரன்' (1989) படத்து வாழைப்பழக் காட்சியோ மடமையின் இலக்கணம். இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னால், ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கொடுத்து, எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் செந்தில். அங்கே பெரிய கருவி நுட்பம் எதுவும் இல்லை. உள்ளது கால அளவு. கேள்வி, சிறு நிறுத்தம், அதே விடை, கூடும் கோபம் என்ற சுழற்சிதான். அந்நிறுத்தத்தைச் சற்று நீட்டினாலோ குறைத்தாலோ காட்சி சாய்ந்துவிடும்.

அதே கருவி, வேறு இலக்கு

இனி, நான் முன்னர்ச் சொல்லாமல் விட்ட காரணத்திற்கு வருகிறேன்.

தொல்காப்பியர் கூறிய நான்கனுள் எள்ளல்தான் கூரிய கத்தி. அதை யாரை நோக்கி நீட்டுகிறோம் என்பதே கேள்வி. சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006) படத்தில், கட்டுடல் கொண்ட வீரனின் உருவத்தில் தன் முகத்தைப் பொருத்தி ஓவியம் தீட்டச் செய்கிறான் கோழை மன்னன். ஓவியத்தையும் ஆளையும் நம் கண் ஒப்பிட்டுப் பார்க்கிறது, சிரிக்கிறோம். அந்த எள்ளல் அதிகாரத்தை நோக்கியது. அது நேர்மையான எள்ளல்.

ஆனால் எத்தனை காட்சிகளில் கறுத்த நிறத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம்? பருத்த உடலையும், திக்கும் நாவையும், வழுக்கைத் தலையையும் பார்த்துச் சிரிக்கிறோம்? இங்கும் கருவிகள் அவையே. ஒருவரின் முகம் திடீரென்று அருகே காட்டப்படுகிறது. அதன்மீது வேடிக்கையான ஓர் ஓசை ஒட்டப்படுகிறது. சூழ நிற்பவர்கள் சிரிப்பதும் உடனே காட்டப்படுகிறது. அந்த ஓசை, "இப்போது சிரி" என்று நமக்கு ஆணையிடுகிறது. அந்தச் சுற்றியிருப்போர் சிரிப்பு, "இது தவறில்லை" என்று நமக்கு அனுமதி அளிக்கிறது. நாம் சிந்திப்பதற்கு முன்பே சிரித்து முடித்துவிடுகிறோம்.

பெரியவர்களாகிய நாம் படம் முடிந்ததும் மறந்துவிடுகிறோம். பிள்ளைகள் மறப்பதில்லை. மறுநாள் வகுப்பில், கறுத்த தோழன்மீது அதே சொல்லை அதே ஏற்ற இறக்கத்தோடு வீசுகின்றனர். வீசியவன் தமிழ்ப் பேச்சில் தேர்ந்தவனாகிவிட்டான் என்று மகிழ்வதா? அடிபட்டவன் தமிழ் வகுப்பையே வெறுக்கத் தொடங்குவானே என்று வருந்துவதா? பிற இனத்துப் பிள்ளை ஒருவன் நம் பிள்ளையின் நிறத்தைக் கேலி செய்தால் நாம் கொதித்தெழுகிறோம், எழவும் வேண்டும். அதே கேலி தமிழில், நம் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சி வழியாக வரும்போது மட்டும் குடும்பத்தோடு சிரிக்கிறோம். பல இனத்தார் சேர்ந்து வாழும் இந்நாட்டில் இந்த இரட்டை அளவுகோல் நமக்கு அழகன்று.

தடைசெய்வதால் இது தீராது. கைப்பேசி இருக்கும் வீட்டில் தடை என்பது வெறும் சொல். உத்தியைத் தெரிந்துகொண்ட பிள்ளையை உத்தி எளிதில் ஏமாற்றாது. அந்தப் பின்னணி ஓசையை நிறுத்திவிட்டு, கேலிக்குள்ளானவரின் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பு நிற்கும், வேறு உணர்வு ஒன்று எழும். அந்த உணர்விற்குத் தமிழில் சொல் தேடச் சொல்வதைவிட நல்ல மொழிப்பாடம் உண்டா?

சில மறுப்புகள்

நகைச்சுவையை விளக்கினால் சுவை போய்விடாதா என்று கேட்கலாம். முதன்முறை பார்க்கும்போது விளக்கக் கூடாது என்பது உண்மை. முதலில் சிரிக்கட்டும், பிறகு பிரிக்கட்டும். சந்தம் பிரித்ததால் பாட்டின் இனிமை குறைந்ததில்லை.

கொச்சைத் தமிழ் படிந்துவிடாதா என்று கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்விற்குப் பின்னர், நல்ல பேச்சுத் தமிழுக்கு நம் வகுப்பறைகளில் உரிய இடம் கிடைத்தது. கொச்சை எது, பேச்சுத் தமிழ் எது என்று பிரித்தறியக் காட்சிகளே நல்ல களம். ஒரு காட்சியின் உரையாடலைப் பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னால், இரண்டும் ஒருசேரப் பழகும்.

நேரம் எங்கே என்றும் கேட்கலாம். மூன்று நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் முழுமையாகப் பார்ப்பது, அடுத்து ஒலியின்றிப் பார்ப்பது, அதன்பின் ஒலியை மட்டும் கேட்பது, இறுதியில் "யாரைப் பார்த்துச் சிரித்தோம், ஏன்?" என்று இரண்டு வரி எழுதுவது. ஒரு பாடவேளைக்குள் அடங்கிவிடும்.

நம் ஊரின் பங்கு

இக்கலை சென்னையிலிருந்து மட்டும் வந்தது என்று நம் பிள்ளைகள் எண்ண வேண்டியதில்லை. பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில்தான் பி. ரம்லியின் 'பூஜாங் லாபோக்' (1957), 'செனிமான் பூஜாங் லாபோக்' (1961) ஆகிய மலாய் நகைச்சுவைப் படங்கள் உருவாயின. பின்னது, நடிகர்களாகும் ஆசையோடு படப்பிடிப்பு நிலையத்திற்கு வரும் மூன்று நண்பர்களின் கதை. படம் எடுப்பதையே நகைச்சுவையாக்கிய படம். அந்நிலையத்தின் இயக்குநர்களுள், சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் உட்படப் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நிலையம் 1967இல் மூடப்பட்டது. மலாய் ஆசிரியரோடு இணைந்து ஒரு காட்சியைக் காட்டினால், மொழி தெரியாமலே எப்படிச் சிரிக்க முடிகிறது என்று நம் பிள்ளைகள் வியப்பார்கள். அந்த வியப்பே பாடத்தின் தொடக்கம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையோடு அமர்ந்து ஏதேனும் ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பாருங்கள். நன்றாகச் சிரியுங்கள். பின்னர், "எதைப் பார்த்துச் சிரித்தாய்?" என்று தமிழில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடை எதுவாயினும் பொறுமையோடு கேளுங்கள், திருத்த வேண்டாம். பத்து நிமிடம் தமிழில் பேசியிருப்பீர்கள். உங்கள் பிள்ளை எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதையும் அறிந்திருப்பீர்கள். இரண்டும் தேவையானவையே.