மன்னாருக்கு அனுப்பும் பியானோ

மன்னாரில் பிள்ளையொன்று மேற்கத்திய இசை படிக்கிறது என்று கேள்வியுற்றதும், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் முதலில் செய்வது ஓர் ‘ஓர்கன்’ வாங்கி அனுப்புவதுதான். 61 விசைகள், நூற்றுக்கணக்கான ஒலிகள், பொத்தானை அமுக்கியதும் தானே முழங்கும் தாளங்கள். நல்ல மனத்தோடு செய்யப்படும் இச்செலவு, பியானோ பழகும் பிள்ளையைப் பொறுத்தவரை பெரும்பாலும் வீண் என்பதே என் கருத்து.

தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஓர்கன் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு கருவி. பியானோவில் விசையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் ஒன்று தந்தியைத் தட்டுகிறது. விரலின் வேகத்துக்கேற்ப ஒலி மெலியும், ஓங்கும். 1700 அளவில் இத்தாலியரான கிறிஸ்தோபோரி அமைத்த அக்கருவிக்குப் பெயர் வந்ததே மென்மை, வன்மை என்னும் இரு சொற்களிலிருந்துதான். நம்மவரின் கையோ ஆர்மோனியத்தில் பழகியது. அங்கே ஏற்ற இறக்கம் துருத்தியில் இருக்கிறது. விசையைத் தடவினாலென்ன, குத்தினாலென்ன? கடையில் ‘ஓர்கன்’ வாங்கும் தகப்பனுக்கு விசையின் கனம் ஒரு பொருட்டாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். இலேசான விசையில் ஈராண்டு பழகிய பிள்ளை மெய்யான பியானோவின் முன் அமர்ந்தால் விரல் சோர்ந்துவிடும்.

அப்படியானால் மெய்யான பியானோவையே வாங்கலாமே என்பீர்கள். உப்புக்காற்று வீசும் தீவில் தந்திகள் துருப்பிடிக்கும். சுருதி சேர்ப்பவரை எங்கே தேடுவது? ஆகவே டிஜிட்டல் பியானோதான் வழி. 88 விசைகளும் சுத்தியல் பொறிமுறையும் உள்ள எளிய மாதிரி போதும். யமாஹா பி-145, கசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 மூன்றும் இவ்வகையின. எடை 10 முதல் 13 கிலோவுக்குள். இவற்றில் விசையின் தொடுகை ரோலண்டில்தான் மேல் என்பது என் விருப்பம். தூக்கித் திரிய கசியோ இலேசு. 2015இல் வந்த யமாஹா பி-45 பழையதாகக் கிடைத்தாலும் தயங்க வேண்டாம். 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தாண்டியபின், இலங்கையில் புதிய கருவி வாங்குவது ஆசிரியர் குடும்பத்துக்குக்கூட எளிதன்று.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் தேர்வுச் சபை, வீட்டிலேயே வாசித்து வீடியோவாக அனுப்பும் தேர்வுமுறையை 2020இல் ஆரம்பித்தது. பேசாலைப் பிள்ளை கொழும்புக்கு இராப் பயணம் செய்யத் தேவையில்லை. டிஜிட்டல் பியானோவும் ஏற்கப்படும். ஆனால் விசைகள் கனமுள்ளவையாகவும் தொடுகையை உணர்பவையாகவும் இருக்கவேண்டும், கால்மிதியும் வேண்டும். 61 விசை ஓர்கன் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது.

பதிவைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் குழப்புகிறார்கள். மலிவான மாதிரிகளில் யூஎஸ்பி வழியே கணினிக்குச் செல்வது பெரும்பாலும் ஒலியன்று. எந்த விசை, எப்போது, எவ்வளவு வேகத்தில் என்ற மிடி குறிப்பு மட்டுமே. ஒலி வேண்டுமானால் ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கவேண்டும். தேர்வு வீடியோவுக்கு இவையெதுவும் வேண்டாம். அதை இடையில் வெட்டாமல் ஒரே தொடராக எடுக்கவேண்டும், கைப்பேசியே போதும். சோளகக் காற்றில் பனையோலை சலசலக்கும் காலத்தில் யன்னலைச் சாத்திவிட்டு, மீன்காரரின் ஹோர்ன் ஓய்ந்த மத்தியானத்தில் எடுக்கலாம். ஹெட்போனுக்கு வேறொரு பயனுண்டு: இரவு பத்து மணிக்கும் பழகலாம், அயலவர் சண்டைக்கு வரமாட்டார்.

அதே காற்று மணலையும் கொண்டுவரும். விசைகளுக்கு அடியிலுள்ள தொடுமுனைகளில் தூசு புகுந்தால் சில சுரங்கள் திடீரென அலறும், சில ஊமையாகும். பழைய பருத்திச் சேலை நல்ல உறை.

அனுப்புவோருக்கு ஒன்று. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இலங்கையில் 230. அடாப்டரின் முதுகில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் முளையை மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் செருகிய கணமே கருகிவிடும். பெட்டியை ஒட்டுமுன் அதைப் புரட்டிப் பாருங்கள். கால்மிதியையும் மறக்காமல் உள்ளே வையுங்கள்.