டிக்கியை மூடிட்டுக் கேளுங்க

சனிக்கிழமை சாயங்காலம் மலைக்கு ஏறி வர்ற காரு, ஆலங்காயம் ரோடோ போளூர் ரோடோ, கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே காதுக்கு வந்துடுது. பாட்டு வராது. எந்தப் படம், யார் பாடுறாங்க, ஒண்ணும் தெரியாது. 'தொம்... தொம்...'னு அடி மட்டும்தான் வரும்.

பாட்டே பிடிக்காத பட்டிக்காட்டான்னு நினைச்சுடாதீங்க. என் டிராக்டர்லயே ரெண்டு ஸ்பீக்கர் இருக்கு. நான் பேசுறது உங்க டிக்கியில இருக்கிற சப்வூஃபரைப் பத்தி மட்டும்.

அடி மட்டும் ஏன் வருதுன்னா, 40 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். சன்னமான சத்தத்தைக் காத்தும் மரமும் வழியிலேயே தின்னுடும். இந்த நீள அலையை அதுங்களால தடுக்க முடியாது. எங்க வீட்டு மண் சுவரும் ஓடும் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஆக, பாட்டு உங்களுக்கு, இடி எங்களுக்கு.

இதுல கூத்து என்னன்னா, காசு போட்டு அந்த சப்வூஃபரை மாட்டினவருக்கே அது ஒழுங்கா கேக்கிறதில்ல. கார் சப்வூஃபர் அடைச்ச காருக்குள்ள கேக்க வேண்டிய சாமான். கதவு கண்ணாடி எல்லாம் மூடியிருந்தாத்தான் அந்தச் சின்ன இடம் அடிச்சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். டிரைவர் சீட்டுல உட்கார்ந்துதான் டியூன் பண்ணணும். வியூ பாயிண்ட்ல டிக்கியைத் திறந்த நிமிஷமே அந்த டியூனிங் போச்சு. சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கும், உடனே கெயினைத் திருகுவீங்க. கெயின் வால்யூம் இல்லைங்க. டெக்ல இருந்து வர்ற சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துற திருகு அது. ஏத்தினா சத்தம் கிழியும், நம்பர் பிளேட்டும் சேர்ந்து ஆடும்.

அப்புறம் அப்கிரேடு. 500 வாட்டைக் கழட்டிட்டு 1000 போடுறீங்க. கூடுறது 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியணும்னா ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேணும். 12 வோல்ட் பேட்டரியில 1000 வாட்டுக்கு 80 ஆம்பியருக்கு மேல இழுக்கும். அதான் ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்குது. அதுக்குப் பதிலா லோ-பாஸை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வச்சு, பேஸ் பூஸ்ட்டை சைபராக்கி, பெட்டியில காத்து ஒழுகாம அடைச்சாலே பழைய சப்வூஃபர் நல்லாப் பாடும்.

இதெல்லாம் உங்க பிரச்சினை. எங்களுக்கு என்ன போச்சுங்கறீங்களா? சாமை கதிர் விடுறப்போ ராத்திரி காவல் இருக்கணும். காட்டுப்பன்னியை இருட்டுல யாரும் பார்த்து விரட்டுறதில்ல. சருகு சத்தம், உறுமல், இதை வச்சுத்தான் எந்த ஓரமா இறங்குதுன்னு கண்டுபிடிக்கிறது. அந்த நேரத்துல கீழ ரோட்டுல இருந்து இடி வந்துட்டே இருந்தா சருகு கேக்காது. பன்னிக்கு உங்க காரும் பழகிப் போச்சு. விடிஞ்சு பார்த்தா ஒரு ஓரம் பூரா உழுது போட்டிருக்கும்.

"உங்க ஊர்த் திருவிழாவுல மட்டும் சத்தம் இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அதுக்கு ஒரு தேதி உண்டு, ஒரு முடிவு உண்டு. அன்னிக்கு யார் காவலுக்குப் போறதுன்னு முன்கூட்டியே பேசி வச்சுக்குவோம். நீங்க எப்ப வருவீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க மைக் செட்டும் 10 மணிக்கு மேல ஓடினா தப்புதான், அதையும் சொல்லிடறேன். 2000-ல வந்த ஒலி மாசு விதி எல்லாருக்கும் ஒண்ணு. ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான்.

காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. 1986-ல இருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்க வேலை செய்யுது. இங்க ராத்திரி இருட்டா இருந்ததாலதான் அது இந்த மலைக்கு வந்துச்சு. நட்சத்திரம் பார்க்க இருட்டு வேணும்னா உங்களுக்குப் புரியுது. பயிரைக் காக்க நிசப்தம் வேணும்னு சொன்னா மட்டும் ஏன் சிரிப்பு வருது?

வாங்க, தேன் வாங்குங்க, பீமன் அருவியில குளிங்க. பாட்டும் போடுங்க. டிக்கியை மூடிட்டு, கண்ணாடியை ஏத்திட்டு, வண்டிக்குள்ள உட்கார்ந்து கேளுங்க. வெளியில இறங்குறப்போ அணைச்சுட்டு இறங்குங்க.