நிரந்தரம் என்றால் எத்தனை நாள்?

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒப்பந்தப் பத்திரத்தைப்போல அலுப்பூட்டும் சரக்கு வேறில்லை. 'நிரந்தரமான' என்று ஒரு சொல் வரும். அடுத்தே 'திரும்பப் பெற முடியாத' என்று இன்னொன்று வரும். இரண்டும் ஒன்றுதானே என்று ஒன்றை விட்டுவிடக் கை துறுதுறுக்கும். நானே விட்டிருக்கிறேன். இனி விடமாட்டேன். 2023 ஜனவரியில் ஒரு பெரிய அமெரிக்க விளையாட்டுக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களிடமே பணிந்துபோன கதை, இந்த இரண்டு சொற்களுக்கு இடையே இருந்த சந்தில்தான் நடந்தது.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் உருவாக்கி, 1974-ல் விஸ்கான்ஸின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார்: "குகைக்குள் நுழைந்துவிட்டீர்கள். இருட்டில் ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப்போகிறீர்கள்?" மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பதில் சொல்ல வேண்டும். நினைத்தது பலித்ததா என்பதை 20 முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். இப்படியே சில குழுக்கள் வருஷக்கணக்கில் ஒரே கதையை ஓட்டுகின்றன.

விளையாடுகிறவர்களுக்குச் சொர்க்கம். விற்கிறவருக்குத் தலைவலி. விதிப் புத்தகத்தை ஒரு முறை வாங்கினால் பல வருஷம் தாங்கும். குழுவில் ஒருவர் வாங்கினால் போதும். கதையோ ஆடுகிறவர்களுடையது. போதாக்குறைக்கு, ஓர் ஆட்டத்தை ஆடும் முறைக்கு அமெரிக்கச் சட்டத்தில் காப்புரிமை கிடையாது. எழுதிய வாசகத்துக்கும் வரைந்த படத்துக்கும்தான் உண்டு. பெயரை வர்த்தக முத்திரையாகக் காத்துக்கொள்ளலாம். ஆக, கம்பெனியிடம் கெட்டியாக இருப்பது பெயர்தான். பெயரை வைத்து என்னவெல்லாம் விற்கலாம் என்பதே ஐம்பது ஆண்டுகளாக இந்த வியாபாரத்தின் கேள்வி.

முதல் கம்பெனியான டிஎஸ்ஆர் நாவல்கள் போட்டது. 1983-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடர் வந்தது. உருவாக்கியவருக்கு மட்டும் இடமில்லாமல் போனது. 1985-ல் கம்பெனி கைகாக்ஸின் கையை விட்டு நழுவியது. (ஆர்னஸன் அதற்கு முன்பே ராயல்டிக்காக வழக்குப் போட்டிருந்தார்.) கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. விசார்ட்ஸை 1999-ல் சுமார் 32.5 கோடி டாலருக்கு ஹாஸ்ப்ரோ வாங்கியது.

ஹாஸ்ப்ரோ நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. நம் பரமபதம் இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கா போனது. மில்டன் பிராட்லி என்ற கம்பெனி 1943-ல் பாம்பை எடுத்துவிட்டுப் பூங்காச் சறுக்குமரத்தை வைத்து, 'ஷூட்ஸ் அண்ட் லேடர்ஸ்' என்று விற்றது. அந்தக் கம்பெனியை 1984-ல் ஹாஸ்ப்ரோ விழுங்கியது. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் பாட்டிமார் விரித்த கட்டத்துக்கு ராயல்டி கேட்க யாருமில்லை.

2000-ல் விசார்ட்ஸ் வினோதமான ஒரு காரியம் செய்தது. அடிப்படை விதிகளை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், அவற்றின் மேல் சொந்தக் கதைகள் எழுதி விற்கலாம் என்று ஒரு பொது லைசென்ஸ் தந்தது. தர்மசிந்தனை அல்ல, நல்ல கணக்கு. பிறர் எழுதும் ஒவ்வொரு கதையும் மூல விதிப் புத்தகத்துக்கு இன்னொரு வாடிக்கையாளரைக் கொண்டுவரும். நம்பிப் பல சிறு பதிப்பாளர்கள் தொழிலில் இறங்கினார்கள். அந்த லைசென்ஸில் 'நிரந்தரமான' என்ற சொல் இருந்தது. 'திரும்பப் பெற முடியாத' இல்லை.

2022 டிசம்பரில் முதலீட்டாளர்களுக்கான ஒரு நிகழ்ச்சியில் ஹாஸ்ப்ரோ தலைவர் கிறிஸ் காக்ஸும் விசார்ட்ஸ் தலைவர் சிந்தியா வில்லியம்ஸும் பேசினார்கள். இந்த பிராண்டிலிருந்து வரவேண்டிய பணம் இன்னும் வரவில்லை என்பது அவர்கள் பேச்சின் சாரம். அவர்கள் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்கு என்னால் முடிந்த தமிழ்: மாடு இன்னும் முழுசாகக் கறக்கப்படவில்லை. கதை நடத்துகிறவர்கள் ஐந்தில் ஒருவர்தான், ஆனால் அதிகம் செலவழிப்பது அவர்களே என்றார் வில்லியம்ஸ். பகடையோடு மட்டும் வந்து உட்காரும் மற்ற நால்வரிடம் எப்படிக் காசு பார்ப்பது என்பதுதான் யோசனை.

அடுத்த மாதமே புதிய லைசென்ஸின் வரைவு கசிந்தது. பழையது செல்லாது. ஆண்டு வருவாய் 7.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி. லாபத்தில் அல்ல, வருவாயில். புத்தகத் தொழில் தெரிந்த எவருக்கும் இதைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். அச்சுக்கூலியும் கடைக்காரர் கமிஷனும் போன பிறகு 25 சதவீதம் எங்கே மிஞ்சுகிறது?

ஆடுகிறவர்கள் கொதித்தார்கள். கம்பெனியின் இணையச் சேவைக்குக் கட்டிவந்த சந்தாவை ஏராளமானோர் ரத்து செய்தார்கள். கம்பெனி திருத்திய வரைவைக் காட்டிக் கருத்துக் கேட்டது. பதில் எழுதிய 15,000-க்கும் அதிகமானோரில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். ஜனவரி 27-ல் விசார்ட்ஸ் பின்வாங்கியது. பழைய லைசென்ஸைத் தொடவில்லை. அதோடு, விதிகளின் சுமார் 400 பக்கத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டது. இந்தமுறை பத்திரத்தில் 'திரும்பப் பெற முடியாத' என்ற சொல் இருக்கிறது.

அதே ஆண்டு மார்ச்சில் படம் வந்தது. சுமார் 15 கோடி டாலர் செலவு, உலகெங்கும் சுமார் 21 கோடி வசூல். தியேட்டர்காரர்களின் பங்கு போனால் கையைக் கடித்த கணக்குதான், படம் என்னவோ ரசிக்கும்படி இருந்தபோதிலும். ஹாலிவுட் கனவில் 2019-ல் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய இஒன் ஸ்டூடியோவை, பெப்பா பிக் போன்ற குழந்தைச் சரக்குகளை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, 37.5 கோடி ரொக்கத்துக்கும் கொஞ்சம் கடன் சுமைக்கும் கைமாற்றியது ஹாஸ்ப்ரோ.

உண்மையான வெற்றி வெளியாரிடமிருந்து வந்தது. பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் லைசென்ஸ் வாங்கிச் செய்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு, 2023 டிசம்பரில் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதை வென்றது. மேஜையில் நடப்பதுபோலவே ஆடுகிறவர் இஷ்டத்துக்குக் கதை வளைந்ததுதான் அதன் ரகசியம். அதே மாதம் ஹாஸ்ப்ரோ சுமார் 1,100 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. விசார்ட்ஸ் ஆட்களும் அதில் உண்டு. இந்த விளையாட்டுக்காக முதன்முதலில் தங்களோடு உட்கார்ந்து பேசியவர்களில் ஏறக்குறைய ஒருவரும் இப்போது அங்கே இல்லை என்றார் லேரியன் தலைவர் ஸ்வென் வின்கே.

அடுத்த பாகத்தைத் தாங்கள் செய்யப்போவதில்லை என்று 2024 மார்ச்சில் அவர் அறிவித்தார். பெயர் ஹாஸ்ப்ரோவிடம் பத்திரமாக இருந்தது. ஆளைத்தான் தேட வேண்டியிருந்தது.