'வெள்ளிமலை சில்வர்ஸ்': பேர் கேட்க நல்லாத்தான் இருக்கு... டிரேட்மார்க் கிடைக்குமா?

வாட்ஸ்அப்பில் ஆர்டர், இன்ஸ்டாகிராமில் போட்டோ, கூரியரில் டெலிவரி. கடை வாடகை இல்லாமல் நகை வியாபாரம் தொடங்குவது இப்போது கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் போன்ற ஊர்களிலும் நடக்கக்கூடிய விஷயம்தான். பெயர் பொறித்த வெள்ளி மோதிரம், டெரகோட்டா தோடு, பட்டு நூல் வளையல், கல்யாணப் பெண்ணுக்கு ஜடை அலங்காரம் என, கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுப்பதுதான் இந்தச் சின்ன வியாபாரிகளின் பலம்.

டிசைனுக்கு ஒரு வாரம் யோசிப்பவர்கள், கடைக்குப் பேர் வைக்க அரை மணி நேரம்கூட எடுப்பதில்லை. ஊர்ப் பேர், பிள்ளை பேர், சாமி பேர். இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்து, போன் ஆப்பில் ஒரு லோகோ போட்டால் வேலை முடிந்தது. சிக்கல் வருவது வியாபாரம் சூடு பிடித்த பிறகுதான். அதே பேரில் இன்னொருவர் பேஜ் தொடங்கினால் தடுக்க முடியாது. அல்லது நமக்கே ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஊர்ப் பேர் வைத்தால் என்ன பிரச்னை?

ஒரு உதாரணம் பார்ப்போம். கல்வராயன் மலை மேல் வெள்ளிமலை என்று ஒரு ஊர் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் வெள்ளி நகை செய்யும் ஒருவருக்கு 'வெள்ளிமலை சில்வர்ஸ்' என்ற பேர் தோன்றினால் ஆச்சரியமில்லை. ஊரும் வந்தாச்சு, பொருளும் வந்தாச்சு.

அந்த இரண்டும்தான் இடிக்கிற இடமும். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, ஒரு பொருளின் தரம், வகை, அது வரும் இடம் ஆகியவற்றை மட்டுமே சொல்லும் பேரை ஒருவருக்கு மட்டும் சொந்தமாக்கித் தர முடியாது. அந்த மலையில் இன்னொருவர் கடை போட்டால் அவருக்கும் அந்த ஊர்ப் பேர் வேண்டுமே! பல வருடம் பயன்படுத்தி, பேரைச் சொன்னாலே இந்தக் கடைதான் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டதை ஆதாரத்தோடு காட்டினால் விதிவிலக்கு உண்டு. நேற்று தொடங்கிய கடைக்கு அந்த ஆதாரம் எங்கே இருக்கும்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அந்தப் பேரில் ஜெர்மன் சில்வர் நகை விற்றால், வாங்குபவரை ஏமாற்றும் பேர் என்றும் மறுக்க இடமுண்டு. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பேரில்தான் வெள்ளி, பொருளில் துளிகூட கிடையாது.

அப்போ ஊர்ப் பேரே வைக்கக் கூடாதா? தாராளமாக வைக்கலாம். தொழில் நடக்கும் இடத்தின் பேரை நேர்மையாகப் பயன்படுத்துவதை இன்னொருவர் தடுக்க முடியாது என்று 35-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பக்கத்துக் கடைக்காரருக்கும் பொருந்தும். அவரையும் நீங்கள் தடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் 'தங்க மாளிகை' போர்டு பார்த்திருப்பீர்கள். எல்லோருக்கும் பொதுவான சொல் அது. ஜி.ஆர்.டி. தங்க மாளிகையைத் தனியாகக் காட்டுவது முன்னால் நிற்கும் அந்த எழுத்துகள்தான்.

ஊர்ப் பேருக்கு இன்னொரு பாதை: புவிசார் குறியீடு

கள்ளக்குறிச்சிக்கு இது புதுசு இல்லை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேர் தனி ஒருவரின் சொத்தாகவில்லை. அந்த வட்டாரக் கைவினைஞர்கள் எல்லோருக்கும் பொதுவானது.

நகையிலும் அப்படி ஒன்று நம்ம மாநிலத்திலேயே இருக்கிறது. நாகர்கோவில் கோயில் நகைகள், அதாவது டெம்பிள் ஜுவல்லரி. வடசேரிப் பகுதி கைவினைஞர்களின் தொழில் அது. 'டெம்பிள் ஜுவல்லரி' என்று பொதுவாகப் போட்டு விற்பவர்கள் இன்ஸ்டாவில் ஏராளம். ஆனால் வேறு ஊரில் செய்த மாலைக்கு 'நாகர்கோவில் டெம்பிள் ஜுவல்லரி' என்று பேர் போட்டால் அது புவிசார் குறியீட்டை மீறுவது ஆகும்.

மலைவாழ் மக்களின் பேரைச் சொல்லி விற்க நினைப்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் கோலாப்புரி மாதிரியே செருப்பைக் காட்சிக்கு வைத்து, ஊர்ப் பேரைச் சொல்லாமல் விட்டதற்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நம்ம ஊரில் தலைகீழாக நடக்கும். மெஷினில் செய்த மணி மாலைக்கு 'கல்வராயன் பழங்குடி நகை' என்று பேர் வைத்து விற்பது. அந்த மக்களுக்கும் அந்த மாலைக்கும் சம்பந்தமே இருக்காது.

மகள் பேர் வைக்கலாமா?

நம் வீடுகளில் தனிஷ்கா என்ற பேர் நிறைய. 'தனிஷ்கா ஜுவல்ஸ்' என்று கடைக்கு வைத்தால்? டைட்டன் நிறுவனத்தின் 'தனிஷ்க்' நகை பிராண்டுக்கும் இதற்கும் ஓர் எழுத்து வித்தியாசம், அதுவும் அதே நகைத் தொழிலில். இரண்டும் ஒரே நிறுவனம் என்று வாங்குபவர் குழம்ப வாய்ப்பிருந்தால் பதிவை மறுக்கலாம்; ஏற்கெனவே பதிவு செய்தவர் வழக்கும் போடலாம்.

"சொந்தப் பேரை வைக்கக்கூடாதா?" என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ராக்யான் என்ற குடும்பப் பேரை ஒரே குடும்பத்தின் இரண்டு தரப்பினர் நகைக் கடைக்குப் பயன்படுத்திய வழக்கில், ஒருவர் தன் சொந்தப் பேரில் நேர்மையாகத் தொழில் செய்வதைத் தடுக்க முடியாது என்று 2014-ல் தீர்ப்பு வந்தது. இதிலும் 35-வது பிரிவுதான் கைகொடுத்தது. ஆனால் அந்தப் பிரிவை நுணுக்கமாகப் படிக்க வேண்டும். அது பேசுவது தொழில் செய்பவரின் சொந்தப் பேரையும், அவருக்கு முன் அந்தத் தொழிலை நடத்தியவரின் பேரையும். மூன்று வயது மகள் இரண்டிலும் வரமாட்டாள்!

சாமி பேருக்கு வருவோம். வைக்கத் தடை இல்லை, தனிச் சொத்தாக்குவதுதான் கஷ்டம். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பேரைக் கேட்ட வழக்கில், புனித நூலின் பேரை ஒருவர் மட்டும் உரிமை கோர முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லட்சுமி, முருகன் என்று தொடங்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருப்பதால், அதில் உங்கள் கடையைப் பிரித்துக் காட்ட இன்னொரு சொல் தேவைப்படும்.

ஹால்மார்க் இருக்கே, லோகோ எதுக்கு?

இங்கேதான் பலரும் கவனிக்காத மாற்றம் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் ஹால்மார்க் நகையில் நான்கு அடையாளங்கள் இருந்தன: பிஐஎஸ் முத்திரை, தூய்மை அளவு, சோதனை மையத்தின் குறி, நகைக் கடையின் குறி. 2021-ல் எச்யூஐடி முறை வந்தபோது இது மூன்றாகக் குறைந்தது. பிஐஎஸ் முத்திரை, தூய்மை, ஆறு இலக்க எச்யூஐடி. கடையின் குறி ஹால்மார்க்கிலிருந்து போய்விட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் எச்யூஐடி இல்லாத ஹால்மார்க் தங்க நகையைக் கடைகள் விற்கவும் முடியாது. எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுப் பார்த்தால்தான் நகைக்கடையின் விவரம் தெரியும்.

ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கடைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கில் விலக்கு உண்டு. வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல் எச்யூஐடி வந்திருந்தாலும் அது விருப்பத்தைப் பொறுத்ததுதான். டெரகோட்டாவுக்கும் பட்டு நூலுக்கும் ஹால்மார்க் கிடையாது. ஆக, வீட்டிலிருந்து நகை செய்பவரிடம் வாங்குபவருக்கு, 'இது இன்னார் செய்தது' என்று சொல்ல இருப்பது கடைப் பேரும் லோகோவும் மட்டும்தான்.

லோகோவில் கவனிக்க வேண்டியது

போன் திரையில் அழகாகத் தெரியும் மயில், மோதிரத்தின் உள்பக்கம் இரண்டு மில்லிமீட்டரில் பொறித்தால் வெறும் புள்ளியாகிவிடும். பெரிய போர்டில் வைத்துப் பார்ப்பதைவிட, முதலில் மிகச் சிறியதாக அச்சிட்டுப் பாருங்கள். பொற்கொல்லரிடமோ லேசர் பொறிப்பவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது இன்னும் நல்லது. ஒரே நிறத்தில், கோடு குறைவாக இருக்கும் லோகோதான் பொருளிலும் பெட்டியிலும் நிற்கும்.

ஆப் டெம்ப்ளேட்டில் இருக்கும் மயில் உங்களுக்கு மட்டும் கிடைப்பதில்லை; அதே டெம்ப்ளேட்டைத் திறக்கும் எல்லோருக்கும் கிடைக்கும். காசு கொடுத்து ஒரு டிசைனரிடம் செய்தாலும், உரிமையை எழுத்தில் மாற்றி வாங்க வேண்டும். பில் மட்டும் போதாது. அசோகச் சக்கரம், அரசு முத்திரை போன்றவற்றை லோகோவில் வைக்க 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது.

எழுத்தும் முக்கியம். நாளை கடை போட்டால் தமிழ்நாட்டு விதிப்படி பெயர்ப் பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 விகிதத்தில் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் மட்டும் லோகோ செய்தவர்கள் அப்போது மறுபடி செலவு செய்ய வேண்டியிருக்கும். பேரில் 'ழ' இருந்தால் ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதித் தேடுவார்கள். போனில் ஒரு முறை சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் சரியாக எழுதுகிறாரா என்று சோதித்துப் பாருங்கள்.

பதிவு எப்படி, எவ்வளவு?

பணம் கட்டும் முன், அறிவுசார் சொத்துரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். எழுத்தை வைத்து மட்டுமில்லாமல் உச்சரிப்பை வைத்தும் தேடுங்கள். நகைக்கு 14-வது வகுப்பு, கவரிங்கும் இதில்தான். ஜடை, கூந்தல் அலங்காரம் 26-வது வகுப்பில் வரும், இதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்கும் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். ஏஜென்ட் கட்டணம் தனி. ஆய்வில் ஏற்கப்பட்டு இதழில் வெளியான பின் 4 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம்.

இப்போதைக்கு 4,500 ரூபாயும் கஷ்டம் என்பவர்கள் முதல் பில், முதல் கூரியர் ரசீது, முதல் இன்ஸ்டா பதிவு எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒருவர் அதே பேரைப் பதிவு செய்தாலும், அவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தியதை நிரூபிப்பவரைச் சட்டத்தின் 34-வது பிரிவு காக்கிறது.

பேருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளப் பதிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது மட்டும் பதிவுச் சான்று கைக்கு வந்த பிறகுதான். முன்கூட்டியே போட்டால் சட்டப்படி தவறு.