பதினெட்டு இஞ்ச் பெருமை

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலப் பாதையோரம் யாராவது ஒருவர் என்னிடம் பெருமையடிக்கிறார். “தம்பி, 18 இஞ்சு. பாஸ் நெஞ்சுல அடிக்கும்.” அடிப்பது உண்மைதான். ஆனால் அடிப்பது இஞ்ச் மட்டுமல்ல.

பாஸ் என்பது தள்ளப்படும் காற்று. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 12 இஞ்சிலிருந்து 18க்குப் போனால் பரப்பு கூடுவதோ இரண்டேகால் மடங்குதான். மிச்சத்தை முடிவு செய்வது பெட்டி. மூடிய பெட்டியில் ஓசை கீழே போகப்போக நிதானமாகக் குறையும். குழாய் வைத்த பெட்டி கடம் மாதிரி. உள்ளே இருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் முழங்கும், அதற்குக் கீழே சட்டென்று படுத்துவிடும். மோசமாக வடிவமைத்தால் எல்லாப் பாட்டும் ஒரே ‘தும் தும்’.

அப்படி ஒரு பெட்டியைக் கல்லூரி இறுதியாண்டில் நானே ஒரு நண்பனின் சவுண்ட் சர்வீஸுக்குப் போட்டுக் கொடுத்தேன். 50 ஹெர்ட்ஸில் முழங்கினால் போதும், பாட்டு எப்படிப் போனால் என்ன என்று நினைத்தேன். இப்போது அதே மாதிரிப் பெட்டிகள் எங்கள் தெருமுனையில். ராத்திரி ஒரு மணிக்கு அம்மா கேட்கிறார், “ஜன்னல் ஏன்டா நடுங்குது?” பாட்டின் சொற்களைச் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஏழு மீட்டர் நீளமுள்ள அலையை அது என்ன செய்யும்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல்தான் வரம்பு. ஆனால் அதை அளப்பது ‘ஏ’ அளவுகோலில். அது 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபெல்லைக் கழித்துவிடும். 90 டெசிபெல் முழக்கம் மீட்டரில் 60 ஆகிவிடுகிறது. மெல்லிய ஒலிக்கு அந்தக் கழிவு நியாயம், அப்போது நம் காதும் பாஸைக் குறைவாகத்தான் கேட்கிறது. உரத்த ஒலியில் காது அவ்வளவு தள்ளுபடி தருவதில்லை. ‘சி’ அளவுகோல் அங்கே ஒரு டெசிபெல் அளவுக்கே கழிக்கும். இரவு ஒலியை அதிலும் அளக்க வேண்டும் என்று விதியைத் திருத்துங்கள். இதைக் கேட்பது பக்திக்கு விரோதம் என்றால், பம்பையும் உடுக்கையும் கேட்டு வளர்ந்த நான் அந்தப் பழியை ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த முறை யாராவது பெருமையடித்தால் நீங்களும் கேளுங்கள்: “இஞ்சு இருக்கட்டும்ணே. பெட்டி எத்தனை ஹெர்ட்ஸுக்குப் போட்டது? பத்து மணிக்கு ஆஃப் பண்ணுவீங்களா?”